அறுநூறு மில்லிமீட்டர்

திருடன் கேமராவைத் தொட்டிருக்கிறான். லென்ஸைத் தொட்டிருக்கிறான். இரண்டையும் விட்டுவிட்டு, உள்ளே இருந்த தபால்தலை அளவு மெமரி கார்டை மட்டும் உருவிக்கொண்டு, லென்ஸுக்கு மூடி போட்டு, பையின் ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டுப் போயிருக்கிறான்.

“அந்த மூடியைப் போட்டுட்டுப் போனதுதான் மேடம் எனக்குப் பயமா இருக்கு,” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபது வருடமாக உயரமான கட்டிடங்களின் உச்சியில் நின்று, லிஃப்ட் கிணற்றுக்குள் தலையை நீட்டி வேலை பார்ப்பவர். அங்கெல்லாம் நடுங்காத கை, கேமரா பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்மணியை எல்லோரும் ஸ்டெனோ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியவர். சாட்சிகள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதி எழுதி, யார் எந்தச் சொல்லுக்குள் பொய்யை ஒளித்து வைப்பார்கள் என்பது காதுக்குப் பழகிப்போயிற்று. வேலையை விட்டதும் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். உதவிக்கு ஒரே ஆள். முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

“மொதல்ல பையைக் கீழ வைங்கண்ணே,” என்றார் கண்டக்டர். “லக்கேஜுக்கு இங்க தனி டிக்கெட் கிடையாது.”

மெக்கானிக் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைக்கவும் இல்லை.

“இதெல்லாம் எப்போ ஆரம்பிச்சுது?” என்று கேட்டார் ஸ்டெனோ.

“இந்த லென்ஸ் வாங்கினதுலேர்ந்து. மூணு வாரம் ஆச்சு.”

“என்ன லென்ஸ்?”

அந்தக் கேள்வி அவரை வேறு ஆளாக்கியது. பையைத் திறந்து, குளித்த குழந்தையைத் துண்டோடு தூக்குவதுபோல முழங்கை நீளக் குழாய் ஒன்றை இரண்டு கைகளாலும் எடுத்தார்.

“அறுநூறு மில்லிமீட்டர் மேடம். நாலு வருஷம் காத்திருந்து வாங்கினது. தெருவுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற வல்லூறோட கண்ணுல வானம் தெரியும். சாதா லென்ஸ்ல படத்தோட நடுவுல மட்டும்தான் துல்லியம் இருக்கும், ஓரம் கொழகொழன்னு போயிடும். இதுல ஓரத்துலகூட ஒரு முடி பிசகாது. கை ஆடினாக்கூட அதுவே சமாளிச்சுக்கும்.”

பேசி முடித்ததும் கை மறுபடி நடுங்கத் தொடங்கியது.

“அந்தச் சமாளிக்கிற பட்டனை இப்பவே போட்டு வைங்க,” என்றார் கண்டக்டர்.

ஸ்டெனோ அவரை ஒரு பார்வை பார்த்தார். கண்டக்டர் வாயை மூடிக்கொண்டார்.

மெக்கானிக் சொன்னது இதுதான். ஒரே தெருவில், சற்றுத் தள்ளிக் குறுக்காக, எதிரெதிரே இரண்டு உயரக் கட்டிடங்கள். இரண்டிலும் லிஃப்ட் பராமரிப்பு அவர் பொறுப்பு. ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியில் நின்றால், எதிர்க் கட்டிடத்தின் ஏழாவது மாடி விளிம்பில் ஒரு வல்லூறு கூடு வைத்திருப்பது தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் தினமும் அதைப் படம் எடுப்பார். போன வியாழக்கிழமை மெமரி கார்டு காணாமல் போனது. வெள்ளிக்கிழமையிலிருந்து போன். எடுத்தால் யாரும் பேசுவதில்லை.

“பேச்சே இல்லை மேடம். தூரத்துல தடதடன்னு ஒரு சத்தம் மட்டும் கேக்கும். மெஷின் கன் மாதிரி. நேத்து எதிர்க் கட்டிடத்துல வேலை முடிஞ்சு என் டூல்ஸ் பையைத் திறந்தா, ஸ்பேனருக்கு நடுவுல இது.”

மடித்த பழுப்புத் தாள் ஒன்றை மேஜைமேல் வைத்தார். அதைப் பார்க்காமலேயே ஒப்பித்தார்.

“‘ஏழாவது மாடியைப் போட்டோ எடுக்காதே. எடுத்ததை அழிச்சிடு. இல்லேன்னா உன் உயிர் போயிடும்.’ ராத்திரி பூரா இதையேதான் மேடம் படிச்சுக்கிட்டிருந்தேன். பொண்டாட்டி பிள்ளைங்களை மாமியார் வீட்டுக்கு அனுப்பிட்டேன்.”

ஸ்டெனோ தாளைப் பிரித்தார். ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார்.

“நீங்க சொன்ன மாதிரி இதுல எழுதியில்லையே.”

“அதேதான் மேடம்.”

“இல்லை. கேளுங்க. ‘ஏழாவது மாடியைப் போட்டோ எடுக்காதீங்க. எடுத்ததை அழிச்சிடுங்க. ஒரு உயிர் போயிடும்.’”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“நான் கோர்ட்டுல எத்தனையோ மிரட்டல் கடுதாசியைப் பிரதி எடுத்திருக்கேன். ஒண்ணுலகூட ‘ங்க’ போட்டு மரியாதை இருந்ததில்லை. அதை விடுங்க. ‘உன் உயிர்’னு இதுல எங்க இருக்கு? ‘ஒரு உயிர்’னுதான் இருக்கு. அந்த ‘உன்’னை நீங்களா சேத்துக்கிட்டீங்க.”

“பயம் அப்படித்தான் அக்கா,” என்றார் கண்டக்டர். “ஏறின உடனே ஜன்னல் சீட்டைப் பிடிச்சுக்கும்.”

மெக்கானிக்கின் முகத்தில் ஒரு கணம் ரத்தம் திரும்பியது. பிறகு மெதுவாக வடிந்தது.

“அப்போ யாரோட உயிர் மேடம்?”

ஸ்டெனோ எழுத்தின்மேல் விரலை வைத்துத் தேய்த்தார். நீலப் பொடி விரலில் ஒட்டியது. தாளின் ஒரு விளிம்பு நேராக இல்லை, வளைவாக வெட்டப்பட்டிருந்தது. எழுந்துபோய் அந்த வளைவைக் கண்டக்டரின் தோள்பட்டையில் வைத்தார். சட்டைக் கை உடலோடு சேரும் தையல்மேல் அது அச்சாகப் பொருந்தியது.

“சட்டைக் கை வெட்டுற அளவுத்தாள். எழுதினது துணியில கோடு போடுற சாக்குக் கட்டியால. இப்போ சொல்லுங்க, போன்ல கேட்டது மெஷின் கன்னா, தையல் மெஷினா?”

மெக்கானிக் தாளையும் கண்டக்டரின் தோளையும் மாறிமாறிப் பார்த்தார். “ஏழாவது மாடியில ஒரு சட்டைக் கம்பெனி இருக்கு. வியாழக்கிழமை அங்க லிஃப்ட் வேலை. நான் கிணத்துக்குள்ள இருந்தேன். பை லிஃப்ட் வாசல்ல, வெளியில இருந்தது. என் நம்பர் லிஃப்ட் கதவுலயே ஒட்டியிருக்கும்.”

“கண்டக்டர், கிளம்பு,” என்றார் ஸ்டெனோ. “எழுதினது யாரா இருந்தாலும் இவரைவிட அதிகமாப் பயந்து போயிருக்காங்க. பயந்தவங்க என்ன செய்வாங்கன்னு சொல்ல முடியாது.”

---

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. அந்தக் கட்டிடத்தின் ஒரே லிஃப்ட் அவர்களை ஏற்றிக்கொண்டு முனகியபடி மேலே போனது.

“பஸ் நின்னா இறங்கித் தள்ளலாம்,” என்றார் கண்டக்டர், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு. “இது நின்னா எதைத் தள்றது?”

ஏழாவது மாடியில் நாற்பது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கழுத்தில் அளவு டேப்பை மாலையாகப் போட்டிருந்த மேற்பார்வையாளர் அம்மாள், கூச்சலை மீறிக் கத்திப் பேசினார்.

“தெருப் பக்க ஜன்னலா? அது நம்ம ஜன்னல்காரியோட மெஷின். ஏழு மாசமா இருக்கா. வேலை சுத்தம். ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டா. இப்ப இங்கதானே இருந்தா.”

ஜன்னலோர மெஷினில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊசிக்கு அடியில் பாதி தைத்த காலர் இருந்தது. ஸ்டூல் காலியாக இருந்தது. ஸ்டெனோ அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

“உங்க பையைப் பாத்துட்டா,” என்றார் மெக்கானிக்கிடம்.

துணிக்கட்டுகள் அடுக்கிய உள்ளறையின் கதவு ஒருக்களித்திருந்தது. கண்டக்டர் முதலில் நுழைந்தார், நுழைந்த வேகத்தில் நின்றார். இரண்டு கட்டுகளுக்கு நடுவே ஒரு பெண் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல். அதன் முனை கண்டக்டரின் வயிற்றுக்கு நேராக ஆடியது.

“கிட்ட வராதீங்க.”

மெக்கானிக் கண்டக்டரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“அண்ணே, நானும் அந்தப் பக்கம்தான் போகலாம்னு இருந்தேன்,” என்றார் கண்டக்டர் மெல்லிய குரலில்.

ஸ்டெனோ ஒன்றும் சொல்லாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்திருப்பவரை நோக்கிக் கத்தரிக்கோலைப் பிடிப்பது அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். முனை கொஞ்சம் தாழ்ந்தது.

“எழுதினது நீதானேம்மா. யாரோட உயிர்?”

பெண் ஸ்டெனோவைப் பார்க்கவில்லை. மெக்கானிக்கைத்தான் பார்த்தாள்.

“உங்களை எப்போ அனுப்பினாரு?”

“யாரும்மா?”

“என் வீட்டுக்காரர்.”

“எனக்கு உங்க வீட்டுக்காரரைத் தெரியாதும்மா. நான் வல்லூறைத்தான் எடுத்தேன். உங்க ஜன்னலுக்குக் கீழ கூடு வெச்சிருக்கு.”

“என்ன வல்லூறு?” என்றாள் அவள். நிஜமாகவே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. “தினமும் சாப்பாட்டு நேரத்துல எதிர் மாடியிலேர்ந்து ஒரு குழாய் என் மூஞ்சிக்கு நேரா நீளும். நான் குனிஞ்சா அதுவும் குனியும். நிமிந்தா நிமிரும். பத்து நாள் மெஷினுக்கு அடியில உக்காந்து சாப்பிட்டேன்.”

கத்தரிக்கோல் இப்போது தொடைமேல் தொங்கியது. சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியாமல் சொன்னாள். இரண்டு விலா எலும்பு உடைந்த பிறகு ஒரு விடியற்காலையில் கட்டிய துணியோடு பஸ் ஏறினாள். பஸ் மாறி, பஸ் மாறி இங்கே வந்தாள். அதற்கு முன்பே கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கியிருந்தாள். அந்த உத்தரவைப் படித்துவிட்டு அவள் கணவன் சிரித்தானாம். எங்கே போனாலும் கண்டுபிடிப்பேன் என்றானாம்.

“போன் பண்ணது உங்ககிட்ட கெஞ்சத்தான் அண்ணே. நீங்க எடுத்து ‘ஹலோ’ன்னதும் எனக்கு வாய் வரலை. அந்தக் கார்டை அயர்ன் பாக்ஸுக்கு அடியில வெச்சுப் பொசுக்கிட்டேன். மன்னிச்சுக்கோங்க.”

மெக்கானிக் அப்படியே ஒரு துணிக்கட்டின்மேல் சரிந்தார். இத்தனை நாளாக அடைத்திருந்த மூச்சு சிரிப்பாக வெளியே வந்தது.

“அட, கார்டு போனாப் போகுதும்மா. அதைப்போயி பெரிசா நினைச்சுக்கிட்டு. படமெல்லாம் நான் அன்னன்னைக்கே…”

அவர் பாதியில் நிறுத்தினார். சிரிப்பும் நின்றது.

“அன்னன்னைக்கே என்ன?” என்றார் ஸ்டெனோ.

மெக்கானிக் போனை எடுத்தார். அவருடைய விரல் இரண்டு முறை தவறான இடத்தில் பட்டது. போட்டோ ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் ஒரு இணையக் குழு. அதில் அவர் போட்ட வல்லூறு படம். பறவை சிறகை விரித்திருந்தது. நல்ல படம்தான்.

அதற்கு அடுத்து இன்னொரு படம் இருந்தது.

“லென்ஸோட ஓரம் எவ்வளவு துல்லியம்னு யாரும் நம்பலை மேடம். அதனால ஓரத்தை மட்டும் வெட்டி, பெருசாக்கிப் போட்டேன்.”

வெட்டியெடுத்த அந்த ஓரத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு பெண் நூலைப் பல்லால் கடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு தெரிந்தது. கீழே மெக்கானிக் எழுதியிருந்தார்: ‘புது 600 எம்எம். எதிர்க் கட்டிடம், ஏழாவது மாடி. நூற்று நாற்பது மீட்டர் தூரம். கண் இமையை எண்ணிப் பாருங்கள்.’

போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பெண் போனை வாங்கிப் பார்த்தாள். கத்தரிக்கோலை மெதுவாகத் தரையில் வைத்தாள். அவள் அதைக் கையில் பிடித்திருந்தபோது வராத பயம் இப்போது கண்டக்டருக்கு வந்தது.

“இதைப் பத்தி யாராவது விசாரிச்சாங்களா?” என்று கேட்டார் ஸ்டெனோ.

“நிறைய பேர் மேடம். ஒருத்தர் தனியாவே மெசேஜ் பண்ணினாரு. ரொம்ப ஆர்வமான ஆளு. எந்தத் தெரு, எந்தப் பக்கத்து ஜன்னல், வெளிச்சம் எப்போ நல்லா விழும்னு எல்லாம் கேட்டாரு. நானும்…” அவர் பெண்ணின் பக்கம் திரும்பினார். “நானும் எல்லாத்தையும் எழுதினேன். இன்னிக்கு ஒரு மணிக்கு எதிர் மொட்டை மாடிக்கு வர்றாரு. லென்ஸை மாட்டிப் பாக்கணுமாம்.”

கண்டக்டர் தோளுக்கு மேலிருந்து அந்த உரையாடலைப் படித்துக்கொண்டே வந்தார்.

“அக்கா, இந்த ஆளு லென்ஸோட விலையைக் கேக்கலை. எடையைக் கேக்கலை. எந்தக் கம்பெனின்னுகூடக் கேக்கலை. டிக்கெட் எவ்வளவுன்னே கேக்காம ஏறுறவனுக்கு இறங்குற இடத்துமேலதான் கண்ணு.”

“அதுல,” என்றாள் பெண், திரையைப் பார்க்காமல், “‘சந்தோஷம், சந்தோஷம்’னு ரெண்டு ரெண்டு தடவையா எழுதியிருக்கா?”

நான்கு இடத்தில் இருந்தது.

மணி பன்னிரண்டு நாற்பது.

ஸ்டெனோ ஜன்னலுக்கு ஓடினார். கீழே, தெருவுக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் நின்று இந்தக் கட்டிடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கை விரலால் மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தான். விரல் ஏழாவதில் நின்றது.

“படம் எடுக்க வந்தவன்கிட்ட கேமரா பையைக் காணோம்,” என்றார் கண்டக்டர். அது நகைச்சுவை இல்லை.

அந்த ஆள் தெருவைக் கடந்தான். மெக்கானிக் காத்திருக்க வேண்டிய கட்டிடத்துக்கு அவன் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தான்.

---

மெக்கானிக்கை யாரும் ஏவவில்லை. கேமரா பையைத் துணிக்கட்டின்மேல் போட்டுவிட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மொட்டை மாடிக்கு ஓடினார். லிஃப்டின் மோட்டார் அறை அங்கேதான் இருந்தது.

மேற்பார்வையாளர் அம்மாள் படிக்கட்டின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினார். கண்டக்டர் போலீசுக்குப் போன் செய்தார். “தடை உத்தரவு எங்கம்மா?” என்று ஸ்டெனோ கேட்க, பெண் தன் மெஷின் டிராயரிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து வந்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த நிசப்தத்தில் லிஃப்டின் முனகல் கீழேயிருந்து ஏறி வந்தது.

லிஃப்ட் கதவுக்கு மேலிருந்த சிவப்பு எண் ஒன்று என்றது. இரண்டு என்றது.

“அவர் மேல போய்ச் சேந்திருப்பாரா அக்கா?”

மூன்று. நான்கு.

ஸ்டெனோவின் கை தடை உத்தரவைக் கசக்கிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை.

ஐந்து. ஆறு.

கண்டக்டர் அருகிலிருந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு முன் நின்றார்.

எங்கோ மேலே கனமாக ஒரு ‘டக்’. சிவப்பு எண் அணைந்தது. முனகல் நின்றது.

கதவுக்குப் பின்னாலிருந்து, முழங்கால் உயரத்திலிருந்து, ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை கேட்பதுபோல் அவ்வளவு பணிவாக இருந்தது.

“யாராவது இருக்கீங்களா? லிஃப்ட் நின்னுடுச்சு போல.”

கண்டக்டர் ஸ்டூலை இன்னும் உயரத் தூக்கினார்.

“அங்கதான் நிக்கிறேன்னு தெரியும்மா. உன் மூச்சு எனக்குத் தெரியாதா? நல்லாத்தான் இருக்கே, படத்துல பாத்தேன். சந்தோஷம், சந்தோஷம்.”

பிறகு தட்ட ஆரம்பித்தான். அவசரமே இல்லாத தட்டல். ஒன்று, இடைவெளி, ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பெண்ணின் தோள் தூக்கிப்போட்டது. ஆனால் அவள் அங்கிருந்து நகரவில்லை.

ஸ்டெனோ கசங்கிய காகிதத்தை நீவிவிட்டார். கதவருகே போய், கோர்ட்டில் இருபத்தாறு வருடம் கேட்டுப் பழகிய ஏற்ற இறக்கமில்லாத குரலில் படிக்க ஆரம்பித்தார். எதிர்மனுதாரர் மனுதாரரின் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரக் கூடாது. நேரிலோ பிறர் மூலமோ தொடர்பு கொள்ளக் கூடாது. மீறினால் உடனடியாகக் கைது செய்யலாம். வழக்கு எண், தேதி, நீதிபதியின் கையெழுத்து வரை ஒன்று விடாமல் படித்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

மூன்றாவது முறை படிக்கும்போது தட்டல் நின்றிருந்தது.

போலீஸ் வர இருபது நிமிடம் ஆனது. ஆறாவது மாடி வாசலில் அவர்கள் தயாராக நின்ற பிறகு, மெக்கானிக் மேலே பிரேக்கைத் தளர்த்தி, மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்கினார். கதவு திறந்தபோது அந்த ஆள் தலைமுடியைச் சீவிக்கொண்டிருந்தானாம். அவன் துணிப்பையில் இருந்ததை ஒரு காவலர் கையுறை போட்டு எடுத்து, கண்ணாடி பாட்டில் என்பதால் பஞ்சு சுற்றிக் கொண்டுபோனார். அது என்னவென்று பெண் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

மெக்கானிக் இறங்கி வந்தபோது உள்ளங்கை இரண்டிலும் கிரீஸ். பெண் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வையாளர் அம்மாள் அவளுடைய தோளைப் பிடித்திருந்தார். அவர்களைத் தாண்டிப் போகவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் மெக்கானிக் நின்றார்.

“நான் வேணும்னு செய்யலைம்மா.”

“தெரியும்ணே.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அந்த மாடியிலேர்ந்து இங்க எவ்வளவு தூரம்னு எழுதியிருந்தீங்க?”

“நூத்தி நாப்பது மீட்டர்.”

“நான் நானூறு கிலோமீட்டர் வந்தேன்,” என்றாள்.

மெக்கானிக் அவளுக்குக் கீழ்ப் படியில் உட்கார்ந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். படத்துக்குக் கீழே பாராட்டுகள் நீண்டுகொண்டே போயின. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்து விழுந்தது. முன்பின் தெரியாத ஒரு பெயர்.

‘அருமையான படம் அண்ணே. எந்த இடத்துல எடுத்தது?’

லென்ஸைக் காதலிக்கும் இன்னொரு அப்பாவியாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். மெக்கானிக் திரையிலிருந்து கட்டைவிரலை எடுத்தார். அவர் ஸ்டெனோவைப் பார்க்கவில்லை, கண்டக்டரையும் பார்க்கவில்லை. திரும்பி, மேல்படியில் இருந்தவளிடம் போனை நீட்டினார்.

அவள் படித்தாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் முதலில் அவளுடைய படத்தை அழித்தார். பிறகு வல்லூறையும் அழித்தார்.